மூன்று வேகன்களும் ஒரு விரிக்காத குடையும்

ஆர்தர் ஒரு மலையையே மாடியில் ஏற்றி வைத்திருந்தார்.

பூனாவின் போபோடியில் ரயில் பாதையை ஒட்டிய சந்து ஒன்றில் இருந்தது அந்த வீடு. மாடியில் இரண்டு அறைகள். கட்டிலும் பீரோவும் இருக்க வேண்டிய இடத்தில் பிளைவுட், தெர்மகோல், பச்சைத் தூள் எல்லாம் சேர்ந்து இடுப்பு உயரத்துக்கு ஒரு மலைத்தொடராக நின்றன. நடுநடுவே குகைகள், பாலங்கள், சோப்புப் பெட்டி அளவில் ஸ்டேஷன்கள். தண்டவாளத்தின் மேல் விரல் நீள வேகன்கள் வரிசையாக நின்றன.

சபரி அதைச் சுற்றி வந்து பார்த்தான். துப்பறியும் ஸ்ரீரஞ்சனியின் உதவியாளன் அவன். பிறந்தது கட்கி கன்டோன்மென்டில், பேசுவது தமிழ், இந்தி, மராட்டி மூன்றையும் கலந்து, வாயை மூடுவது தூங்கும்போது மட்டும்.

"எங்க வீட்ல துணி காயப் போட இடமில்ல மேடம். இவர் ஏக்தம் கண்டாலா மலையையே காயப் போட்டிருக்கார்."

ஸ்ரீரஞ்சனி ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே டீக்கடை தார்ப்பாயின் கீழ் இர்ஃபானா நின்றுகொண்டிருந்தாள். போன வாரம் வரை இந்த வீட்டில் பகல் முழுவதும் வேலை பார்த்தவள். இன்று வாசல்படி ஏறமாட்டேன் என்று சொல்லி மழையில் நிற்கிறாள்.

விஷயம் இதுதான். போன சனிக்கிழமை பிற்பகல், கொட்டுகிற மழையில், ஆர்தரின் அண்ணன் லூர்து பின்பக்கக் கேட் வழியாக வெளியே போய், சந்தின் கோடியில் ரயில்வே சுவரை ஒட்டிய படியில் வழுக்கி விழுந்தார். தலையில் நல்ல அடி. இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். லூர்துவுக்கு ஞாபகம் பிசகத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. அவரைத் தனியே வெளியே விடக் கூடாது. அதற்காகத்தான் கோந்த்வாவிலிருந்து இர்ஃபானாவை வரவழைத்து வைத்திருந்தார்கள். கேட்டின் மேல் தாழ்ப்பாளைப் போட அவள் மறந்துவிட்டாள் என்று லூர்துவின் ஒரே மகன் டேனியல் போலீஸ் சௌகியில் புகார் கொடுத்திருந்தான். நாளை காலை அவள் அங்கே போய் நிற்க வேண்டும். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண் மேல் இப்படி ஒரு பேர் விழுந்துவிட்டால் பூனாவில் இன்னொரு வீட்டில் அவளை உள்ளே விடமாட்டார்கள். அவளை நம்பி அவளுடைய உம்மா ஜொஹ்ரா வீட்டில் இருக்கிறாள்.

ஸ்ரீரஞ்சனியின் அலுவலகத்துக்கு வந்தபோது இர்ஃபானா அழவில்லை. ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"தாழ்ப்பா போட்டேன்க்கா. அவங்களுக்குக் கை தோளுக்கு மேல தூக்க வராது. அந்தத் தாழ்ப்பா எனக்கே எம்பித்தான் எட்டும். வேற யாரோ தெறந்திருக்காங்க."

வேறு யார் என்பதில்தான் சிக்கல். லூர்துவைத் தவிர அன்று வீட்டில் இருந்தவர்கள் மூன்று ஆண்கள். மூவரும் மாடியில், சனிக்கிழமை தவறாமல் நடக்கும் பொம்மை ரயில் 'ஓட்ட'த்தில் இருந்தார்கள். முன்படி ஹாலில் இறங்குகிறது. அங்கே இர்ஃபானாவே கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள், யாரும் இறங்கவில்லை என்று அவளே சொல்கிறாள். லூர்து பின்னறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அப்புறம் அவள் சமையலறைக்குப் போய் மிக்ஸியை ஓட விட்டாள். அந்த இரைச்சலில்தான் பெரியவர் எழுந்து போனது காதில் விழவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். செய்யாத தப்புக்கு அழாதவள் அந்த மிக்ஸிக்காக மட்டும் கண் கலங்கினாள்.

மாடியின் சின்ன அறையிலிருந்து கொல்லைக்கு இறங்கும் இரும்புப் படி ஒன்று உண்டு. அன்று சின்ன அறையில் தனியாக இருந்தவன் டேனியல்.

"பெத்த புள்ளை மேல சந்தேகப்படுதீங்களா?" என்றார் ஆர்தர். கன்டோன்மென்ட் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இத்தனை வருடம் பூனாவில் இருந்தும் பாளையங்கோட்டைப் பேச்சு நாக்கை விட்டுப் போகவில்லை. "அவனுக்கு அன்னைக்கு நகர நேரமே கெடையாது. வேணும்னா தௌஃபீக்கைக் கேளுங்க."

லேப்டாப்போடு மூலையில் உட்கார்ந்திருந்த தௌஃபீக் நிமிர்ந்தான். ஐ.டி. வேலை, வீடு கோந்த்வா. இர்ஃபானாவின் அடுக்ககத்துக்காரன். அவளை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவனும் அவன்தான். அதனாலேயோ என்னவோ ஜன்னல் பக்கம் திரும்புவதைக் கவனமாகத் தவிர்த்தான்.

அவன் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இவர்கள் பொம்மை ரயிலைச் சும்மா வட்டமாக ஓடவிடும் ஆட்கள் இல்லை. நிஜ ரயில்வே மாதிரியே சரக்கு ஏற்றி இறக்குவார்கள். எந்த வேகன் எங்கே நிற்கிறது, எந்த ஆலைக்கு என்ன தேவை என்பதெல்லாம் லேப்டாப்பில் உள்ள புரோகிராமுக்குத் தெரியும். அதுதான் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் திட்டம் போடும். இந்த ரயிலில் இந்த வேகன்களைக் கொண்டுபோய் இந்த ஆலையில் விடு என்று அவரவர் போனுக்கு வேலை வரும். முடித்ததும் போனில் தட்டினால் புரோகிராம் குறித்துக்கொள்ளும். அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்கும்.

"நிஜத்துல கூட இவ்வளவு ஒழுங்கா ஓடாதே" என்றான் சபரி.

ஓடாமல் என்ன, இங்கே சட்டம் அப்படி. முதல் சட்டம், வேகனைக் கையால் தொடக் கூடாது. எஞ்சின்தான் தள்ள வேண்டும், எஞ்சின்தான் இழுக்க வேண்டும். அவசரத்தில் எவனாவது விரலால் தூக்கி வைத்துவிட்டால் அதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஆண்டவன் கை'. அந்தப் பாவத்தைச் செய்தவன் எல்லோருக்கும் வடா பாவ் வாங்கித் தர வேண்டும். மாடி ரயில்வே தொடங்கிய நாளிலிருந்து இங்கே ஒருவரும் வடா பாவ் வாங்கித் தந்ததில்லை என்பதில் ஆர்தருக்குப் பெருமை தாங்கவில்லை.

"அன்னைக்கு டேனிக்குச் சீனி ஆலை வேலை. மூணு வேகனைக் கொண்டுபோய் ஆலைக்குள்ள விடணும். ஒண்டி ஆளா முன்னும் பின்னும் போய் வந்து முடிக்கதுக்கு முழு ஓட்டமும் வேணும். எஞ்சின் ஓடுத சத்தம் எங்களுக்குக் கேட்டுட்டேதான் இருந்தது. வேலை முடிஞ்சுதுன்னு போன்லயும் தட்டிட்டான். வேகன் இன்னமும் அங்கனதான் நிக்கி, போய்ப் பாருங்க. வேகன் பொய் சொல்லாது."

"எஞ்சின் நின்னா சத்தம் நிக்குமா?" என்று கேட்டாள் ஸ்ரீரஞ்சனி.

தௌஃபீக் கொஞ்சம் தயங்கினான். எஞ்சினுக்குள் சின்ன ஸ்பீக்கர் இருக்கிறது, நின்றாலும் உறுமிக்கொண்டுதான் இருக்கும் என்றான்.

"எங்க மாமா மாதிரி" என்றான் சபரி.

சின்ன அறைக்குப் போனார்கள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு மாடிக்கு யாரும் ஏறவில்லை. மேடையில் லேசாகத் தூசி படிந்திருந்தது. மலையின் பின்பக்கத்தில் சீனி ஆலை. அதற்குள் போகும் தண்டவாளம் ஒரு முட்டுச்சந்து. ஒருபக்கம்தான் வாசல், மறுபக்கம் முட்டுக்கட்டையோடு முடிந்துவிடுகிறது. அதில் மூன்று வேகன்கள் நின்றன.

ஸ்ரீரஞ்சனி முதலில் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். பிறகு குனிந்து பார்த்தாள். முட்டுக்கட்டையை ஒட்டி, ஆக உள்ளே, கரி வேகன். அடுத்தது சாக்கு ஏற்றிய மூடிய பெட்டி. வாசலருகே டேங்கர்.

"டேனியலுக்குப் போன வேலையைப் படி சபரி."

சபரி தௌஃபீக்கின் லேப்டாப்பைப் பார்த்துப் படித்தான். சீனி ஆலையில் விட வேண்டியவை: கரி வேகன், சாக்குப் பெட்டி, டேங்கர். எஞ்சினுக்குப் பின்னால் ரயிலில் கோத்திருந்த வரிசையும் அதுதான்.

"பாத்தீங்களா, சரியா இருக்கு" என்றார் ஆர்தர்.

"ரொம்பச் சரியா இருக்கு" என்றாள் ஸ்ரீரஞ்சனி. அவள் குரலில் பாராட்டு இல்லை. "தௌஃபீக், அன்னிக்கு ஓட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி எப்படி இருந்ததோ அப்படியே திரும்பக் கொண்டுவர முடியுமா?"

முடியும் என்றான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் ஒரு நகல் எடுத்து வைப்பது அவன் வழக்கம். நகலைத் திறந்தான். அதில் உள்ளபடி கரி வேகன், சாக்குப் பெட்டி, டேங்கர் மூன்றையும் மறுபடி எஞ்சினுக்குப் பின்னால் கோத்து வைத்தான். கையால்தான் வைக்க வேண்டியிருந்தது. ஆர்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இப்ப சபரி ஓட்டுவான்."

"நானா? மேடம், என் லைசென்ஸே ஸ்கூட்டருக்குத்தான்."

சபரி டேனியலின் இடத்தில் நின்றான். முதல் முயற்சியில் ரயில் குகைக்குள் போய் வெளியே வரவில்லை. இரண்டாவது முயற்சியில் கரி வேகன் தடம் புரண்டது. தன்னையறியாமல் கை நீட்டியவனை ஆர்தர் அதட்டினார். அதன் பிறகு தௌஃபீக் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க, ரயில் ஆலை வாசலைத் தாண்டிப் போய் நின்று, பின்னோக்கி நகர்ந்து, வேகன்களை ஒன்றாக ஆலைக்குள் தள்ளியது. எஞ்சின் கழன்று வெளியே வந்தது. சபரிக்கு நெற்றியெல்லாம் வேர்வை. நேரமும் நிறையத்தான் ஆகியிருந்தது, அந்த மட்டில் ஆர்தர் சொன்னது உண்மை.

"அடுக்கிட்டேன் மேடம். வடா பாவ் எனக்கு யார் தருவா?"

எல்லோரும் ஆலைக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனும் குனிந்து பார்த்தான். முட்டுக்கட்டையை ஒட்டி டேங்கர் நின்றது. அடுத்து சாக்குப் பெட்டி. வாசலருகே கரி வேகன்.

ஸ்ரீரஞ்சனி தன் போனில் இருந்த படத்தை மேடையின் ஓரத்தில் வைத்தாள். அதில் எல்லாம் தலைகீழாக இருந்தது.

முதலில் புரிந்தது ஆர்தருக்கு. கணக்கு வாத்தியார் அல்லவா, விடை தப்பு என்று தெரிந்ததும் முகம் சட்டென்று வெளுத்துவிட்டது. எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும் வேகன் கடைசியாகத்தான் உள்ளே போகும். தள்ளிக்கொண்டு போனால் கரி வேகன் வாசலில்தான் நிற்க முடியும். ஆக உள்ளே போய் நிற்க வழியே இல்லை.

"மாத்தி மாத்தி எடுத்து அடுக்கியிருப்பான்" என்றார் பலவீனமாக.

தௌஃபீக் தலையை ஆட்டினான். அப்படியும் செய்யலாம். ஆனால் வேலை இன்னும் பல மடங்காகும். எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று புரோகிராம் கேட்கவே இல்லை. வேலை மெனக்கெட்டு ஏன் செய்வான்?

"எஞ்சின் தள்ளினா கடைசி வேகன் முதல்ல உள்ள போகும்" என்றாள் ஸ்ரீரஞ்சனி. "மனுஷன் போனைப் பார்த்துப் பார்த்து எடுத்து வச்சா, முதல்ல எழுதியிருக்கறது முதல்ல உள்ள போகும். சார், உங்க ரயில்வேயில ஆண்டவன் கை பட்டிருக்கு. ஒரு முழு ஓட்டத்து வேலையை யாரோ நிமிஷத்துல முடிச்சிருக்காங்க. மிச்ச நேரம் அவர் இந்த அறையில இல்ல."

ஆர்தர் பக்கத்திலிருந்த ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார்.

இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும்போது ஸ்ரீரஞ்சனிக்கு வழக்கமாக உள்ளே ஒரு சின்னச் சந்தோஷம் வரும். இன்று வரவில்லை. ஒரு மகன் தலையில் இதைத் தூக்கிப் போடப் போகிறோமே என்று இருந்தது. கீழே தார்ப்பாயின் கீழ் நிற்பவளை நினைத்துக்கொண்டு தொடர்ந்தாள்.

"எங்க போயிருப்பார்?"

சிகரெட்டாக இருக்கும் என்றான் சபரி. டேனியல் புகைப்பதில்லை என்றார் ஆர்தர். தௌஃபீக் லேப்டாப்பை மூடினான், திறந்தான், மறுபடி மூடினான்.

"நான் ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்" என்றான். "அன்னைக்குக் காலைல டேனி எனக்கு போன் பண்ணான். அவனைச் சின்ன அறையில போடச் சொன்னான். வேலை புரோகிராம்தான் பிரிக்கும், ஆனா நான் மாத்தலாம். மாத்திட்டேன்."

அதற்கு முந்தின வாரம் அவன் இன்னொன்றும் கேட்டிருந்தானாம். ஓட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப் போடலாமா என்று. பழைய நீராவி எஞ்சின் ஒன்றைப் புதுப்பித்துக் கண்காட்சிக்குத் தனி ரயிலாகக் கொண்டுபோகிறார்கள், சனிக்கிழமை பிற்பகல் இந்தப் பாதையில்தான் போகிறது, ஒரு தடவைதான் போகும் என்று கெஞ்சினானாம். இதே சந்தின் கோடியில் நின்றால் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம்.

"நான்தான் முடியாதுன்னுட்டேன்" என்றார் ஆர்தர் மெல்ல. "திட்டம் போட்டாச்சு, இனி மாத்தக் கூடாதுன்னுட்டேன். நாம ஓட்டுதது ரயில் இல்லையாலேன்னு ஏசினேன்."

பொம்மை ரயில் ஓட்டத்திலிருந்து தப்பித்து நிஜ ரயில் பார்க்கப் போயிருக்கிறான். சபரி அதற்கு ஒரு நக்கல் வைத்திருந்தான். ஆர்தரின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டான்.

ஆகுர்டியிலிருந்து ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய டேனியல், ஹாலில் நான்கு பேர் தனக்காகக் காத்திருப்பதைக் கண்டதும் வாசலிலேயே நின்றான். வாட்டசாட்டமான ஆள், சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது. ஐந்தாவதாக இர்ஃபானாவும் வந்தாள். ஆர்தரே டீக்கடைக்குப் போய் அவளைக் கூப்பிட்டு வந்திருந்தார். உள்ளே வந்தவள் உட்காரவில்லை, சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள்.

ஸ்ரீரஞ்சனி சுற்றி வளைக்கவில்லை. வேகன்களின் வரிசையைச் சொன்னாள். போனில் உள்ள படத்தைக் காட்டினாள். டேனியல் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஷூவைக் கூடக் கழற்றாமல் சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். மறுத்துப் பார்க்கவே இல்லை. எப்போது யார் கேட்பார்கள் என்று காத்திருந்தவன் போலச் சொன்னான்.

"அஞ்சு நிமிஷம்னுதான் போனேன். சும்மா பாத்துட்டு வந்துடலாம்னு. தாழ்ப்பாளை நான்தான் தெறந்தேன். வெளிய இருந்து போட முடியாது, சும்மா சாத்திட்டுப் போனேன்."

ரயில் தாமதமாக வந்திருக்கிறது. தெப்பலாக நனைந்து திரும்பியவன் கொல்லைக்குள் நுழையும்போது மாடியில் சித்தப்பாவின் பேச்சுக்குரல் கேட்டிருக்கிறது. கேட்டைத் தாழ்போடக்கூட நிற்காமல் இரும்புப் படியில் ஏறி ஓடியிருக்கிறான். வேகன்களைக் கையால் எடுத்து வைத்து, போனில் தட்டி முடிக்கவும், கீழே இர்ஃபானா பெரியவரைக் காணோம் என்று கத்தவும் சரியாக இருந்தது. எல்லோரும் மழையில் ஓடித் தேடினார்கள். எல்லோரும் நனைந்தார்கள். முன்னாடியே நனைந்திருந்தவன் யார் என்று எவருக்கும் தெரியவில்லை.

"அப்புறம் ஏன் அவ மேல எழுதிக் கொடுத்தே?" என்றார் ஆர்தர்.

"சௌகில கேட்டை யார் போடுவான்னு கேட்டாங்க. இர்ஃபானான்னு சொன்னேன். அது உண்மைதானே சித்தப்பா. அவங்களே மீதியை எழுதிக்கிட்டாங்க. நான் கையெழுத்து போட்டேன்." அவன் தலை நிமிரவில்லை. "அப்பா தானா எங்கயோ கெளம்பிப் போயிட்டார், அவர் அப்படித்தானே, இன்னைக்கு இல்லன்னா நாளைக்குப் போயிருப்பார்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

கதை இங்கே முடிந்திருக்கலாம். இர்ஃபானாவின் பேர் காப்பாற்றப்பட்டாயிற்று. சபரி எழுந்திருக்கக்கூடச் செய்தான். ஸ்ரீரஞ்சனி மட்டும் கதவு மூலையில் சாய்த்து வைத்திருந்த குடையை எடுத்து வந்து டீப்பாயின் மேல் வைத்தாள். வளைந்த கைப்பிடி போட்ட பெரிய கறுப்புக் குடை. லூர்து விழுந்து கிடந்தபோது அவர் பக்கத்தில் கிடந்தது. அப்போதும் பட்டி பட்டனோடு இறுகச் சுற்றியிருந்தது. அவரோ தலை முதல் கால் வரை நனைந்திருந்தார்.

"இது யார் குடை?"

"என்னுது" என்றான் டேனியல். "ஃபேக்டரில கொடுத்தது."

"அப்பாவுக்குக் குடை விரிக்கத் தெரியாதா?"

ஞாபகம் இல்லாதவர், எதையாவது எடுத்துக்கொண்டு போவார் என்று டேனியல் முணுமுணுத்தான். இர்ஃபானா முதல் தடவையாகக் குறுக்கே பேசினாள்.

"தெரியும். கொல்லைல பாத்ரூமுக்குப் போவதுக்குக் கூட அவங்களே விரிச்சுப் பிடிச்சிட்டுத்தான் போவாங்க. பழுப்புக் குடை, அவங்க குடை, அது அங்கனயே மாட்டிக் கெடக்கு. இதை அவங்க தொட மாட்டாங்க. டேனிக்குள்ளது, டேனிக்குள்ளதுன்னு சொல்லுவாங்க."

ஸ்ரீரஞ்சனி காத்திருந்தாள். அவளுக்கு இதைச் சொல்ல விருப்பமில்லை. ஆனால் சொல்லாமல் போனால், தானா எங்கேயோ கிளம்பிப் போன கிழவர் என்ற பேர் அவருக்கு நிலைத்துவிடும்.

"கொட்டற மழையில கைல குடை இருந்தும் ஒருத்தர் விரிக்காம நனைஞ்சுட்டே போறார்னா, அது அவருக்கு எடுத்துட்டுப் போன குடை இல்ல. வேற யாருக்கோ கொண்டுபோறார். மேல இருந்து நீங்க இறங்கி ஓடினது பின்னறை ஜன்னல்ல நல்லாவே தெரியும். அவர் பார்த்திருக்கார்."

டேனியல் குடையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மிக மெதுவாகச் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

"சித்தப்பா, அன்னைக்கு நீங்க என்னைக் கூப்பிட்டீங்கல்ல? சந்துல நின்னு. ஏல டேனின்னு."

ஆர்தர் நிமிர்ந்து பார்த்தார்.

"ரயில் வர்றப்போ கேட்டுச்சு. உங்க குரல். மாட்டிக்கிட்டேன்னு பம்ப் ரூமுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். மறுபடி கூப்பிட்டீங்க. நான் வரல. அப்புறம் அந்தப் பக்கமா சுத்தி வீட்டுக்கு ஓடிட்டேன். மாடில குரல் கேட்டதும், எனக்கு முன்னாடி நீங்க திரும்பிட்டீங்கன்னு நெனச்சேன். நீங்கதானே சித்தப்பா?"

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே குரல். போனில் பேசினால் சொந்தக்காரர்களே குழம்பிப் போவார்கள் என்று வந்த அன்றே ஸ்ரீரஞ்சனியிடம் இர்ஃபானா சொல்லியிருந்தாள்.

"நான் மாடியை விட்டு எறங்கவே இல்லையேடா" என்றார் ஆர்தர்.

டேனியல் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவ்வளவு பெரிய உடம்பு சத்தமில்லாமல் குலுங்கியது. தௌஃபீக் வாசலுக்குப் போய் நின்றுகொண்டான். ஆர்தர் அண்ணன் மகனின் முதுகில் கையை வைத்தார், பிறகு அதற்குத் தனக்கு யோக்கியதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, எடுத்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து டேனியல் எழுந்து இர்ஃபானாவின் முன்னால் போய் நின்றான். அவள்தான் பேசினாள்.

"சௌகில என்னைக் கொண்டாந்து நிறுத்தினப்போ நீங்க எம்மூஞ்சைப் பாக்கல. அப்பவே எனக்குத் தெரியும்ணே, நீங்க எதையோ மறைக்கீங்கன்னு. கேக்கத்தான் பயம். இப்ப மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க. முதல்ல வந்து எழுதினதை அடிச்சுக் குடுங்க. அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வாங்க. வார்டு வாசலோட வந்துட்டு வந்துட்டுத் திரும்பிப் போறீங்களாமே. உள்ள வாங்க."

அவள் தினமும் அங்கே போய்க்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. வேலையிலிருந்து நிறுத்திய பிறகும், புகாருக்குப் பிறகும். வார்டு ஆயா மராட்டிக்காரி. பெரியவர் கண் திறக்கும்போதெல்லாம் ஒரே வார்த்தையைச் சொல்கிறார், அதற்கு என்ன அர்த்தம் என்று இர்ஃபானாவைக் கேட்டிருக்கிறாள். இர்ஃபானா அர்த்தம் சொன்னாள். ஆனால் யாரைப் பற்றி என்று அவளுக்கும் இதுவரை தெரியாமல் இருந்தது.

"'நனைஞ்சிட்டானா?'ங்கறாங்க" என்றாள்.

சௌகியில் அதிக நேரம் ஆகவில்லை. டேனியல் நடந்ததை நடந்தபடி இந்தியில் சொல்லி, அவர்கள் எழுதியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்து போட்டான். இந்தத் தடவை இர்ஃபானாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போட்டான். கையெழுத்து போடும்போதே அவன் மேல் என்ன வழக்கு வரும் என்று அங்கிருந்தவர் எச்சரித்தார். வரட்டும் என்றான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மழை வலுத்தது. டேனியல் ஆட்டோவில் இடம் இருந்தும் ஏறவில்லை. பக்கம்தான், நடந்து வருகிறேன் என்றான். மடக்கிய குடையைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்தான், விரிக்கவில்லை. சபரி ஸ்கூட்டரைப் பக்கத்தில் நிறுத்தி ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு ஆக்ஸிலேட்டரை முறுக்கினான்.

வார்டு வாசலில் டேனியல் வழக்கம் போல நின்றான். இர்ஃபானா முன்னால் போய்த் திரும்பிப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் உள்ளே வந்தான். தலையில் கட்டுப் போட்டிருந்த லூர்து வெகுநேரம் கூரையைப் பார்த்துக் கிடந்தார். மகன் கட்டிலருகே உட்கார்ந்து கையைப் பிடித்ததும் பார்வை மெல்ல அவன் பக்கம் வந்தது. அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை.

"ஏல... நனைஞ்சிட்டியா?"

டேனியலின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டி விரிப்பில் விழுந்துகொண்டிருந்தது.

"இல்லப்பா. நீங்கதான் குடை கொண்டாந்தீங்களே."

பெரியவர் அதை யோசித்துப் பார்த்தார். திருப்தியாக இருந்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டார்.

ஸ்ரீரஞ்சனியும் சபரியும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். உள்ளே இர்ஃபானா போர்வையைச் சரிசெய்தாள். கட்டிலின் பக்கக் கம்பியை உயர்த்தி மாட்டினாள். கொக்கி சரியாக விழுந்ததா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்தாள்.

டேனியல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.